தூய சுடர் கண்ட புன்சன்

உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞானக் கூடத்துள் முதன்முறையாக நுழையும் மாணாக்கனின் கண்ணைக் கவரும் பொருள்கள் பல. கண்ணாடிக் குடுவைகள், வண்ண நீர் நிறைந்த புட்டிகள், நுண்ணிய தராசு ஆகியவற்றினிடையே, மேசைமீது ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள குழாயொன்று கனத்த இரும்புப் பாதத்தின்மேல் நிமிர்ந்து நிற்கும். இரப்பர்க் குழாய் ஒன்று அதனை வாயு வரும் வழியோடு இணைத்திருக்கும். பார்வைக்கு அதில் வியப்பு யாதும் இல்லை. ஆசிரியர் அதனைப் புன்சன் அடுப்பு என்பர். மாணாக்கர் பர்னர் என்றே சொல்லிவிடுவர்.

யான் தமிழ் கற்பித்தவன். விஞ்ஞானக் கூடத்தில் எனக்கு யாதொரு பணியும் இருந்ததில்லை. ஆயினும், பக்கத்து வகுப்பிற்குச் செல்லும்போது ஒருநாள் அக்கூடத்தின் வாயிலில் சற்றே நின்றேன். மாணாக்கன் ஒருவன் அவ்வடுப்பின் அடியிலிருந்த வளையத்தைத் திருப்பினான். அதுவரை மஞ்சளாய்ப் படபடத்துக்கொண்டிருந்த சுடர், அக்கணமே நீலமாகிக் கூர்மையுற்று, மெல்லிய இரைச்சலோடு நிமிர்ந்து நின்றது. அந்த ஒரு காட்சியே, அவ்வடுப்பிற்குத் தம் பெயரைத் தந்தவர் யாவர் என்று தேடிக் கற்குமாறு என்னைத் தூண்டியது.

செருமனி நாட்டிலே கோட்டிங்கன் என்பது கல்வியாற் பெயர் பெற்ற நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மொழிநூல் கற்பித்துவந்த கிறிஸ்தியன் புன்சன் என்பாருக்குப் புதல்வர் நால்வர். அவருள் இளையவராய் 1811ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பிறந்தவரே இராபர்ட் வில்லெம் புன்சன். மொழி கற்பிப்பவர் இல்லத்திற் பிறந்த மகனுக்கு இரசாயன நூலில் நாட்டம் சென்றது. காட்மியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்த ஸ்ட்ரோமேயரிடம் பாடங் கேட்டு, இருபது வயதளவிலேயே அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிசு, வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆங்காங்குள்ள அறிஞர்களையும் தொழிற்சாலைகளையும் கண்டு திரும்பினார்.

ஆசிரியத் தொழிலை ஏற்ற தொடக்கத்திலேயே அவர் செய்த நற்பணி ஒன்று உண்டு. வெள்ளைப் பாஷாணம் உட்கொண்டோர் உயிர் பிழைத்தல் அந்நாளில் அரிது. புதிதாகத் தயாரித்த, நீர் கலந்த இரும்பு ஆக்ஸைடு அந்நஞ்சைப் பற்றிக்கொண்டு கரையாப் பொருளாக்கிவிடும் என்பதை 1834ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவரோடு கூடி அவர் கண்டறிந்தார். பாஷாணத்திற்கு மாற்று மருந்து கண்ட அவரை அப்பாஷாணமே பின்னர் வருத்தியது.

காஸல் நகரிலும் மார்பர்க் நகரிலும் ஆசிரியராய் இருந்த காலத்தில், கக்கோடில் என்னும் பாஷாணச் சேர்மங்களை அவர் ஆராயத் தொடங்கினார். அவற்றின் நாற்றம் பொறுக்கவொண்ணாதது. சில, காற்றுப்பட்ட அளவில் தாமே தீப்பற்றும். பிறர் அஞ்சி விலகிய அப்பொருள்களோடு புன்சன் ஆண்டுக்கணக்கிற் பழகினார். ஒருநாள் அவற்றுள் ஒன்று வெடித்துக் கண்ணாடிக் கலத்தைச் சிதறடித்தது. கண்ணாடிச் சில்லொன்று பாய்ந்து அவருடைய வலக் கண்ணின் ஒளியைப் பறித்தது. நச்சு ஆவி உட்சென்றமையால் பல நாள் உயிருக்கு மன்றாடிப் படுக்கையிற் கிடந்தார். பிழைத்தெழுந்த பின்னரும் அவ்வாராய்ச்சியை முற்றுவித்த பிறகே அதனைக் கைவிட்டார். பிற்கால விஞ்ஞானப் புகழ் அனைத்தையும் அவர் ஒற்றைக் கண்ணோடு ஈட்டினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மலிவான மின்கலம் ஒன்றை 1841இல் அமைத்ததும், 1846இல் ஐஸ்லாந்து தீவிற்குச் சென்று கொதிநீர் ஊற்றுகள் விண்ணோக்கிப் பீறிடும் காரணத்தை ஆராய்ந்ததும் அவருடைய பிற பணிகளாம். அவற்றை விரிப்பிற் பெருகும். நெருப்பைப் பற்றிய அவர் கருத்து வளர்ந்த வகையை உணர்த்தும் செய்தி ஒன்றை மட்டும் கூறுவேன். இரும்பை உருக்கும் ஊதுலைகளிலிருந்து வெளியேறும் வாயுக்களைப் பிடித்து அளந்து, எவ்வளவு வெப்பம் வீணாகின்றது என்று அவர் கணக்கிட்டார். இங்கிலாந்தின் உலைகளில் எரிபொருள் தரக்கூடிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வெறும் புகையோடு போய்விடுகின்றது என்று, பிளேபேர் என்னும் அறிஞரோடு சேர்ந்து 1845ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். நெருப்பு இருந்தால் மட்டும் போதாது, அது செம்மையாக எரிதல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்பொழுதே ஊன்றிவிட்டது போலும்.

1852ஆம் ஆண்டில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. நெக்கர் ஆற்றங்கரையில் மலைகளினிடையே அமைந்த அழகிய நகரம் அது. ஆனால் அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிக் கூடமோ பழைய துறவியர் மடம் ஒன்று. துறவியர் உணவருந்திய கூடமே சோதனைச்சாலை. அவர்கள் வழிபட்ட இடமே பொருள்கள் வைக்கும் அறை. தரையிற் பாவியிருந்த கற்களின்கீழ் அத்துறவியர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்தம் கல்லறைகளின்மேல் நின்றுகொண்டே மாணாக்கர் சோதனை செய்தனர். தண்ணீரை முற்றத்துக் கிணற்றிலிருந்து இறைத்தல் வேண்டும். வாயு வசதி கிடையாது. எதனைச் சூடேற்ற வேண்டுமாயினும் ஸ்பிரிட் விளக்கு, அல்லது கரியடுப்பு. ஸ்பிரிட்டோ விலை மிக்கது. கரியடுப்பு மூண்டு எரிய நேரமாகும். மூண்டபின் வேண்டிய அளவிற்குத் தணிப்பது அரிது. சாம்பல் பறந்து சோதனைப் பொருளில் விழும்.

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களிலே நிலக்கரியை வாட்டி எடுத்த வாயுவைக் குழாய் வழியே செலுத்தித் தெரு விளக்குகளை ஏற்றும் வழக்கம் பரவிவந்தது. ஹைடல்பர்க்கிற்கும் அவ்வாயு வந்தது. புன்சனுக்காகப் புதிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தது. மாணாக்கர் ஒவ்வொருவருடைய மேசைக்கும் வாயுக் குழாய் வருமாறு அவர் ஏற்பாடு செய்தார். ஆனால் அவ்வாயுவை எரிப்பதற்கு ஏற்ற அடுப்பு யாது என்னும் வினா எழுந்தது.

தெரு விளக்கிற்கு வேண்டுவது ஒளி. சோதனைச்சாலைக்கு வேண்டுவது வெப்பம். விளக்குச் சுடர் மஞ்சளாய் ஒளிர்வது ஏன்? வாயு வெளியே வந்தபின் சுற்றிலுமுள்ள காற்றோடு கலந்து எரிகின்றது. சுடரின் உட்புறத்துள்ள வாயுவிற்குப் போதிய காற்று கிட்டுவதில்லை. ஆதலின் அதிலுள்ள கரி முற்றும் எரியாமல் நுண்துகள்களாய்த் தணலுற்று ஒளி வீசுகின்றது. அச்சுடரின்மேல் ஒரு கலத்தை வைத்தால் அத்துகள்களே கரியாய்ப் படியும். ஒளி மிகுதி, வெப்பம் குறைவு. இலண்டன் மாநகரில் வழங்கிய வாயு விளக்கு ஒன்றை ராஸ்கோ என்னும் ஆங்கில மாணாக்கர் கொண்டுவந்து காட்டினார். குழாயின் வாயைக் கம்பி வலையால் மூடிய அமைப்பு அது. அதன் சுடர் பெரிது, ஆனால் வெப்பம் போதவில்லை, காற்றடித்தால் நிலைகுலைந்தது. புன்சனுக்கு மனநிறைவு உண்டாகவில்லை.

நம் பொற்கொல்லர் தொழில் செய்யும் முறையைப் பார்த்தவர்க்கு அவர் கண்ட வழி எளிதில் விளங்கும். பொற்கொல்லர் ஊதுகுழலால் விளக்குச் சுடருக்குள் காற்றைச் செலுத்துவர். உடனே அது நீண்டு, நீலமாகி, பொன்னை உருக்கும் வெம்மை பெறும். வாயோ துருத்தியோ இன்றி, வாயு தானே தனக்கு வேண்டிய காற்றை இழுத்துக்கொள்ளுமாறு செய்தல் கூடாதா என்று புன்சன் எண்ணினார். வாயு மிகச் சிறிய துளையின் வழியே விரைந்து மேலெழும்பட்டும். அத்துளைக்கு மேல் ஒரு குழாயை நிறுத்தி, குழாயின் அடியில் பக்கவாட்டில் துளைகள் இடுக. விரைந்து செல்லும் வாயு அத்துளைகளின் வழியே காற்றை ஈர்த்துக்கொண்டு, குழாயினுள்ளேயே அதனோடு நன்கு கலந்து, மேல்வாயில் எரியும். இதுவே அவர் கருத்து. இதில் ஓர் இடர் உண்டு. காற்றும் வாயுவும் கலந்த கலவையில் தீ உள்நோக்கி ஓடக்கூடும். கலவை மேலெழும் வேகம், தீ கீழிறங்கும் வேகத்தினும் மிகுதியாய் இருந்தாலன்றிச் சுடர் நில்லாது. துளையின் அளவு, குழாயின் அகலம், உயரம் ஆகிய அனைத்தையும் அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

இங்கே மற்றொருவர் பெயரையும் சொல்லியே ஆகவேண்டும். பல்கலைக்கழகத்தின் கருவி செய்யும் கைவினைஞராய் இருந்தவர் பீட்டர் தெசாகா. பேராசிரியர் கருத்தைச் சொன்னார். அதனை உலோகத்தில் வடித்துக் கொடுத்தவர் தெசாகா. 1854ஆம் ஆண்டின் இறுதியிலும் 1855ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக இருவரும் முயன்று அடுப்பைச் செப்பம் செய்தனர். புதிய கூடம் திறக்கப்பெற்ற 1855ஆம் ஆண்டில் மாணாக்கர் பயன்படுத்துவதற்கு ஐம்பது அடுப்புகள் ஆயத்தமாய் இருந்தன. அடுப்பிற்குப் பேராசிரியர் பெயர் வழங்கலாயிற்று. கைவினைஞர் பெயரை அறிந்தோர் சிலரே. உலக இயல்பு அது.

காற்றையும் வாயுவையும் முன்னரே கலந்து எரிக்கும் எண்ணம் புன்சனுக்கு முன்பு எவர்க்கும் தோன்றவில்லை என்று கூறுதல் பொருந்தாது. இலண்டனிற் பாரடே என்னும் பேரறிஞர் அவ்வகை அமைப்பொன்றை முன்னமே குறித்துள்ளார். அதனை நிலைத்த சுடராய், எவரும் அஞ்சாது கையாளத்தக்க எளிய கருவியாய் ஆக்கியதே ஹைடல்பர்க்கில் நிகழ்ந்தது. 1857ஆம் ஆண்டில் புன்சனும் ராஸ்கோவும் அதன் அமைப்பை அச்சிட்டு வெளியிட்டனர். காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். புன்சன் அதனை நாடவே இல்லை.

மாணாக்கர்களே, அவ்வடுப்பைக் கையாளும் முறை அதன் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. முதலிற் காற்றுத் துளைகளை வளையத்தால் மூடிவிடுதல் வேண்டும். தீக்குச்சியை முன்னரே கொளுத்திக் குழாய் வாயின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, அதன் பின்னரே வாயுவைத் திறக்க வேண்டும். வாயுவைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகின்றவன், அறை முழுவதும் வாயு பரவ இடங்கொடுக்கின்றான். மஞ்சட் சுடர் எழுந்தபின் வளையத்தைச் சிறிது சிறிதாய்த் திருப்பினால் சுடர் நீலமாகும். அந்நீலச் சுடரினுள்ளே கூம்பு போன்ற பகுதி ஒன்று தெரியும். அங்கே வாயு இன்னும் எரியவில்லை. ஆதலின் வெப்பம் குறைவு. அக்கூம்பின் முனைக்குச் சற்று மேலுள்ள இடமே வெப்பம் மிக்கது. கலத்தை அடுப்பின் வாயோடு ஒட்டிவைத்துவிட்டு நீர் கொதிக்கவில்லையே என்று வருந்துபவர் இதனை அறியாதவர்.

குடுவையை நேரே சுடரில் வைத்தலாகாது. முக்காலியின்மேல் கம்பி வலையை விரித்து அதன்மேல் வைத்தால் வெப்பம் பரந்து ஏறும், கண்ணாடி வெடிக்காது. சோதனைக் குழாயை இடுக்கியாற் சாய்த்துப் பிடித்து, அசைத்துக்கொண்டே சூடேற்ற வேண்டும். அடியை மட்டும் ஓரிடத்திற் காட்டினால், அடியில் எழும் ஆவி மேலுள்ள திரவத்தைத் திடீரென எறிந்துவிடும். குழாயின் வாய் தன்னையோ பக்கத்தில் நிற்பவனையோ நோக்கியிருத்தல் கூடவே கூடாது. ஒரு கண்ணை இழந்தவர் தந்த அடுப்பின்முன் நிற்கின்றோம் என்பது நினைவிருந்தால், மற்றவை தாமே நினைவிற்கு வரும். வாயு குறைவாகவும் காற்று மிகுதியாகவும் இருப்பின், சுடர் குழாய்க்குள் இறங்கி அடித்துளையில் எரியத் தொடங்குவதும் உண்டு. அப்பொழுது குழாய் கடுஞ்சூடாகும். வாயுவை அடைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஏற்றுவதே வழி. வேலை இடையே நின்றால், சுடரை மஞ்சளாக்கி வைத்தல் நலம். பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணிற்குப் புலப்படாது. அறியாது கைநீட்டுவோர் சுட்டுக்கொள்வர்.

இன்று நம் பள்ளிகளில் நிலக்கரி வாயுவைக் காண்பதரிது. உருளையில் அடைத்த பெட்ரோலிய வாயுவே வழங்குகின்றது; சில பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்கோடு அமைகின்றனர். எனினும் நம் வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் எரியும் வாயு அடுப்பும், காற்றை முன்னரே கலந்துகொண்டு எரியும் இம்முறையையே சார்ந்தது. காற்றுப் புகும் வழியில் தூசு அடைத்துக்கொண்டால் அதன் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரியாவதை நம் தாய்மார் நன்கறிவர்.

புன்சன் தம் கைகளாலேயே எல்லாம் செய்பவர். கண்ணாடியை உருக்கி ஊதிக் கருவி செய்வதில் வல்லவர். இவ்வேலையிற் பழகிப் பழகி அவர் விரல்கள் காய்த்துப் போயிருந்தன. கொதிக்கும் மூசையின் மூடியை வெறுங்கையால் எடுப்பார் என்றும், சுடரின் வெம்மை மிக்க பகுதியைக் காட்டுவதற்குத் தம் விரலையே அதனுள் நீட்டுவார் என்றும் அவர் மாணாக்கர் கூறுவர். நீங்கள் அவ்வாறு செய்ய முற்பட வேண்டா.

அவ்வடுப்பின் பெரும்பயன் வெப்பம் மட்டும் அன்று. அதன் சுடருக்குத் தனக்கென ஒளியும் நிறமும் ஏறக்குறைய இல்லை. ஆதலின் பிறபொருள்கள் அதில் இட்டபொழுது தத்தம் நிறத்தைக் கலப்பின்றிக் காட்டின. பிளாட்டினக் கம்பியின் நுனியில் உப்பைத் தொட்டுச் சுடரில் நீட்டினால் மஞ்சள் நிறம், பொட்டாசியச் சேர்மம் ஊதா, ஸ்ட்ரான்சியம் செந்நிறம், பேரியம் பச்சை. ஆனால் இரண்டு மூன்று பொருள்கள் கலந்திருந்தால் வலிய நிறம் மெலிந்ததை மறைத்துவிடும். நிறக் கண்ணாடிகளின் வழியே நோக்கி அவற்றைப் பிரித்தறியப் புன்சன் முயன்றார்.

அவ்வேளையில் உதவியவர் அவருடைய நண்பர் கிர்க்காப். பிரெஸ்லௌ நகரில் ஓராண்டுக் காலம் பணியாற்றியபோது புன்சன் அறிந்த இளம் பௌதிக அறிஞர் அவர். அவருடைய திறமையை உணர்ந்து 1854இல் ஹைடல்பர்க்கிற்கு வரவழைத்தவரும் புன்சனே. அவ்வொளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்திப் பிரித்துப் பார்க்கலாமே என்று கிர்க்காப் கூறினார். ஒரு சுருட்டுப் பெட்டி, பழைய தொலைநோக்கிகளின் பகுதிகள், ஒரு முப்பட்டகம் ஆகியவற்றைக்கொண்டு 1859ஆம் ஆண்டில் நிறமாலை நோக்கி உருவாயிற்று. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைத் தந்தது. எத்தனை பொருள்கள் கலந்திருப்பினும் ஒன்றன் கோடு மற்றொன்றை மறைக்கவில்லை.

அம்முறையின் நுட்பத்தை அளந்தறிய அவர்கள் செய்த சோதனை வியக்கத்தக்கது. அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கச் செய்து, மறுமூலையிலிருந்த சுடரை நோக்கினர். சில நிமிடங்களில் சோடியத்தின் மஞ்சட் கோடு பளிச்சிட்டது! மில்லிகிராமின் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த அளவு சோடியம் சுடரை அடைந்தாலும் புலனாகும் என்று அவர்கள் கணக்கிட்டனர். கடற்காற்றோடு வரும் உப்பு எங்கும் பரவியிருத்தலின், அறையிற் புத்தகத்தைத் தட்டினாலும் சுடர் மஞ்சளாவதன் காரணமும் விளங்கிற்று.

டூர்க்கைம் என்னும் ஊரின் ஊற்று நீரில் ஒரு துளியைச் சுடரிலிட்டபோது, அதுவரை எவரும் கண்டிராத இரண்டு நீலக் கோடுகள் தோன்றின. புதுத் தனிமம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று புன்சன் துணிந்தார். துணிந்தால் மட்டும் போதுமா? 44,000 கிலோகிராமிற்கு மேற்பட்ட நீரை வற்றக் காய்ச்சிப் பிரித்ததில் அவருக்குக் கிடைத்த அத்தனிமத்தின் குளோரைடு ஏறத்தாழ 7 கிராமே. 1860இல் அறிவிக்கப்பெற்ற அத்தனிமத்திற்கு, வானின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் சீசியம் என்று பெயரிட்டனர். மறு ஆண்டில் செங்கோடுகளாற் புலப்பட்ட ருபீடியம் கண்டறியப்பட்டது.

ஒரு மாலை, தொலைவிலுள்ள மன்ஹைம் நகரிற் பெருந்தீ மூண்டதாம். நண்பர் இருவரும் சோதனைச்சாலைச் சாளரத்திலிருந்து நிறமாலை நோக்கியைத் திருப்பி, அத்தீயிற் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருத்தலைக் கண்டனர் என்பர். பத்துக் கல் தொலைவிலுள்ள தீயை அறிய முடியுமாயின், பகலவனை அறிய முடியாதா என்னும் எண்ணம் அதனால் எழுந்தது என்றும் சொல்வர். பகலவனின் ஒளியிற் காணப்பெறும் கருங்கோடுகள் அங்குள்ள தனிமங்களின் அடையாளமே என்று கிர்க்காப் விளக்கினார். பகலவனிலும் சோடியம் உண்டு, இரும்பு உண்டு என்று மண்ணில் நின்றவாறே மனிதன் சொல்லக்கூடிய காலம் வந்தது.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்கே பிரெஞ்சு வானநூலறிஞர் ஜான்சன் நிறமாலை நோக்கியோடு வந்து பகலவனின் விளிம்பை ஆராய்ந்தார். அவ்வாண்டில் பகலவனின் ஒளியிற் காணப்பட்ட மஞ்சட் கோடு ஒன்று எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்குரிய தனிமம் ஹீலியம் எனப்பட்டது; பூமியில் அது 1895ஆம் ஆண்டிலேதான் அகப்பட்டது.

இத்தகையவர்க்கு நெருப்பால் மற்றுமோர் இழப்பு நேர்ந்தது. அரிய உலோகங்களின் நிறமாலைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதி முடித்த ஏடுகளை, 1874ஆம் ஆண்டில் ஒருநாள் மேசைமீது வைத்துவிட்டு உணவிற்குச் சென்றார். அங்கிருந்த நீர்க்குடுவை ஒன்று ஞாயிற்றின் கதிர்களைக் குவித்து அவ்வேடுகளின்மேற் பாய்ச்சியது. திரும்பி வந்தவர் கண்டது சாம்பல். ஒரு கண்ணோடு உற்று உற்று நோக்கி அளந்த கோடுகள் அனைத்தும் போயின. அப்பொழுது அவர்க்கு வயது அறுபத்து மூன்று. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்; 1875இல் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. ஓலைச்சுவடி ஒன்று செல்லரித்துப் போகக் கண்டு கலங்கியவர்க்கு, இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

புன்சன் மணம் செய்துகொள்ளவில்லை. மாணாக்கரே அவர் சுற்றம். ராஸ்கோ, லோதர் மேயர் முதலியோர் அவரிடம் பயின்றனர். ருஷிய அறிஞர் மென்டலீபும் சிலகாலம் ஹைடல்பர்க்கில் தங்கினார். வகுப்பில் தம் கண்டுபிடிப்புகளை விளக்குங்கால், தாம் கண்டதாக அவர் ஒருகாலும் சொன்னதில்லை. இவ்வாறு கண்டறியப்பட்டுள்ளது என்று பொதுவிற் சொல்லி மேலே செல்வாராம். 1877ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்தார் டேவி பதக்கத்தை முதன்முதலாக அவருக்கும் கிர்க்காப்பிற்கும் வழங்கினர்.

எழுபத்தெட்டாம் வயதில், 1889ஆம் ஆண்டில், அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். அதன்பின் நிலநூல் கற்பதிலும், நெக்கர் ஆற்றங்கரை மலைகளில் உலவுவதிலும் பொழுதைப் போக்கினார். 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஹைடல்பர்க்கிலேயே அவர் உயிர் நீத்தார். அந்நகரின் மலைச்சாரலிலுள்ள இடுகாட்டில் அவருடைய கல்லறை உள்ளது.